மழைக்கட்டி

மஞ்சள் வாளி. படகுக்குப் பூசும் வண்ணம் வாங்கியபோது வந்தது.
விளிம்பில் இன்னும் ஒரு நீலக் கோடு.
ஏழாவது வாரத்திலிருந்து
என் முகம் அதிகம் பார்த்தது அதைத்தான்.

காலைக் குமட்டல் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள்.
எந்தக் காலை?
கெம்ச்சியின் நாய்களும் அடங்கிப்போன
மூன்று மணியும் காலைதானோ?

ஆறு வருஷம் சிப்பி ஆலையில் நின்றவள் நான்.
கொதிநீராவியில் ஓடு பிளந்து
ஆரஞ்சுச் சதை துள்ளி விழும் பெல்ட்டின் முன்
ரொட்டியைக் கடித்தபடி சிரித்துப் பேசியவள்.
இப்போது துவைத்த தலையணை உறை நாறுகிறது.
கண்ணாடி டம்ளர் நாறுகிறது.
வெந்நீருக்கு வாசனை உண்டென்று
யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.
"சூப்" என்றாள் நாத்தனார் ஹெர்மீனியா,
வெறும் சொல்தான்,
ஓடினேன்.

அவளே சொன்னாள், எனக்கும் இருந்ததே, இஞ்சி தின்றேன் போய்விட்டது என்று.
அவளுக்கு இருந்தது தூறல்.
அதை எப்படிச் சொல்வது,
வாயைத் திறந்தால் வேறல்லவா வருகிறது.

அன்கூட் ஆஸ்பத்திரியில்
யாஸ்னா என்ற நர்ஸ் நரம்பு தேடினாள்.
முழங்கையில் இல்லை. மணிக்கட்டில் இல்லை.
புறங்கையைத் தட்டித் தட்டி,
"ஒளிந்துகொண்டாயா, வா வெளியே" என்று
குழந்தையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்.
ஐம்பத்தொரு கிலோ நாற்பத்து நாலாகியிருந்தது.
மூன்று நாள் உப்புநீர் சொட்டியது.
அதன் ஒவ்வொரு சொட்டையும் நான் பார்த்தேன்,
வேறு வேலை இல்லை.

நிவால்தோ சால்மன் கூண்டுகளுக்குத் தீவனம் கொட்டுகிறவன்.
தேய்த்துத் தேய்த்துக் குளித்தான்.
தாடியை மழித்தான். புதுச் சட்டை வாங்கினான்.
அவன் கதவைத் திறக்கும் முன்பே
என் வயிறு அவனைக் கண்டுபிடித்தது.
கடைசியில் போர்வையைச் சுருட்டிக்கொண்டு
பக்கத்துக் கொட்டகைக்குப் போனான்,
உருளைக்கிழங்கு மூட்டைகளோடு படுக்க.
நடுவில் பலகைச் சுவர்.
இரவில் இரண்டு தட்டு: விழித்திருக்கிறாயா?
நான் ஒரு தட்டு. ஆம்.
எட்டு வருஷத்தில் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை நாங்கள்.

ஒன்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை.
பதினோராம் வாரத்தில் ஓர் இரவு,
பித்தமும் தீர்ந்து ரத்தக்கீற்று வந்தபோது,
இது போய்விட்டால் போதும் என்று நினைத்தேன்.
நினைத்தது மட்டுமல்ல, வாய்விட்டும் சொன்னேன்.
வாளிக்குள் சொன்னேன்.
அது அதே குரலில் எனக்கே திருப்பிச் சொன்னது.

குழாய்த் தண்ணீரில் இரும்பு. புட்டித் தண்ணீரில் பிளாஸ்டிக்.
நிவால்தோ கூரைக்குக் கீழே சட்டி வைத்து
மழையைப் பிடித்தான்.
அடுத்த வீட்டு உறைபெட்டியில் வைத்து
துணியில் சுற்றி நொறுக்கி
கிண்ணத்தைக் கதவடியில் தள்ளிவிட்டுப்
பின்வாங்கிப் போனான், காட்டு விலங்குக்கு வைப்பதுபோல்.
நாக்கில் ஒரு சில்லு.
ஒன்றுமே இல்லாத சுவை.
காத்திருந்தேன்.
பத்து நிமிஷம். இருபது.
வயிறு முனகிவிட்டுச் சும்மா இருந்தது.
அப்படித்தான் அந்த ஆகஸ்ட் முழுக்க
வானத்தைத் துண்டு துண்டாய்த் தின்று பிழைத்தேன்.

பதினேழாம் வாரம், செவ்வாயோ புதனோ,
சுவருக்கு அப்பால் ஒரு சத்தம்.
கறுக். பிறகு மெல்லும் சத்தம்.
இரண்டு தட்டு இல்லாமலே கேட்டேன்:
"என்ன தின்கிறாய்?"
பயந்துபோய் நிறுத்திவிட்டான்.
"ஒன்றுமில்லை."
"நிவால்தோ."
"ஆப்பிள். வைக்கோலுக்குள் கிடந்தது. பழசு. தோல் சுருங்கிவிட்டது."

என் வாயில் நீர் ஊறியது.
அந்த நீர் அல்ல,
மற்றது.

"பாதி வை" என்றேன்.

அதில் பாதிதான் தங்கியது.
மீதியை வாளி வாங்கிக்கொண்டது.
அவன் கதவடியிலேயே நின்றான், மூச்சைப் பிடித்தபடி,
தன் மூச்சும் நாறுமோ என்று.