எச்ச உம்மை

ஞாயிறு இரவு எட்டு இருபது.
அம்மாபேட்டையில் ஒரு கையில் தட்டுவடை செட்.
மறு கையால் ஏற்காட்டு விடுதியின் ஸ்விட்சைத்
திறந்து வைத்திருந்தேன்.

நாளை ஆண்டுவிழா. பெற்றோருக்கென்று தனி வைஃபை,
முப்பதாம் எண் விலான்.
சாப்பாட்டுக் கூடத்துக் கூரையில் புதிதாய் மாட்டிய வெள்ளைத் தட்டு
அந்த எண்ணுக்காகக் காத்திருந்தது.
அதன் போர்ட்டை டிரங்க் ஆக்கினேன்.
மிச்சம் இருபத்துநாலாம் போர்ட், வெளியே போகும் வழி.
ஏற்கெனவே அதில் பத்து போகிறது: பிள்ளைகள்.
இருபது: அலுவலகம்.
தொண்ணூற்றொன்பது: நான் நுழைகிற சந்து.

முப்பதையும் விடு என்று எழுத வேண்டும்.
முப்பதை விடு என்று எழுதினேன்.

நடுவே ஓர் உம்.
ஸ்விட்சின் பாஷையில் அதற்கு 'ஆட்' என்று பெயர்.
மறுபேச்சுத் தெரியாத சாதனம்,
முப்பதைத் தவிர எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டுக்
கதவைச் சாத்திக்கொண்டது.
கர்சர் நின்றது.
அப்புறம் நான் தட்டியதெல்லாம் கதவுக்கு வெளியே.

எட்டரை முதல் ஒன்பதரை
பிள்ளைகள் வீட்டுக்குப் பேசும் நேரம்.
அந்தச் சரிவுக்கு எந்த டவரும் எட்டாது,
வைஃபைதான் வாய்.
சிஸ்டர் ஜெசிந்தாவுக்குச் சொல்லலாம் என்றால்
அவர் போனும் அதே வழியில்.

பைக்கை எடுத்தேன்.
அடிவாரம் செக்போஸ்ட்டில், 'இந்நேரத்துக்கா?'
'ஒரு வார்த்தை விட்டுப்போச்சு' என்றேன்.
குடும்பச் சண்டை என்று நினைத்திருப்பார்,
பேசாமல் கம்பைத் தூக்கினார்.

பதினோராவது கொண்டை ஊசியில்
காட்டெருமை ஒன்று குறுக்கே.
ஹாரன் அடிக்கக்கூடாது.
விளக்கை அணைத்துவிட்டு அதற்காக நின்றேன்.
கீழே சேலம் முழுக்க எரிந்தது.
தலைக்கு மேலே லேடீஸ் சீட் பக்கத்து விளக்குகள்
ஒரே நொடியில் போயின.
சரி, கரண்டும் போச்சு.

விடுதி வராந்தாவில் நுழைந்தால் ஒரே பேச்சு.
'அந்த நீல ஸ்வெட்டர்மா, இல்ல, பொத்தான் வெச்சது.'
'அப்பா லீவு போட்டாச்சா?'
'என்ன மாதேசு, இந்த நேரத்துல?' என்றார் சிஸ்டர்.
'கொஞ்ச நேரம் நெட் இல்ல.
கரண்ட் போய் வந்ததும் தானா வந்துடுச்சு.
அரை மணி கூடக் கொடுத்திருக்கேன்.'

யூ.பி.எஸ். பேட்டரி செத்து எட்டு மாதம்.
மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதியவன் நான்.
அது உயிரோடு இருந்திருந்தால்
என் பிழையைக் காலைவரை தாங்கிப் பிடித்திருக்கும்.
சேமிக்காத கட்டளைகள் இருட்டோடு போக,
ஸ்விட்ச் பழைய ஞாபகத்தோடு எழுந்திருக்கிறது.

ரேக் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.
புதுத் தட்டின் போர்ட்டை மறுபடி முதலிலிருந்து.
பிறகு இருபத்துநாலு. இம்முறை உம்மோடு.
பத்து, இருபது, முப்பது, தொண்ணூற்றொன்பது.
சேமித்தேன்.
சேமித்தேனா என்று மறுபடி பார்த்தேன்.

'பேட்டரிக்கு இந்த மாசம் பணம் தர்றாங்களாம்' என்றார் சிஸ்டர்.
'அவசரமில்ல' என்றேன்.
விரலில் இன்னும் காரச் சட்னி வாடை.