ஐந்துக்கு எத்தனை

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
வெளிப்பாடு, உணர்திறன், தகவமைப்புத் திறன்.
முதல் இரண்டையும் கூட்டி
மூன்றாவதைக் கழித்தால் வருவது
பாதிப்பு.
ஒரு வீட்டுக்கு நூற்றுப்பத்து ரூபாய்.
பெட்ரோல் என் கணக்கு.

வீரவநல்லூர். கன்னடியன் கால்வாய்க்குக் கீழே
கார் நட்டு ஒரு மாதம்,
வரப்பில் உட்கார்ந்தால் சேறு ஒட்டவில்லை.
"அணை தொறக்க தேதி பேப்பர்லதான் வரும்.
நாத்து பேப்பர் படிக்காதுல்லா"
என்றார் சிவனணைந்த பெருமாள்.
மூன்று, நான்கு, மூன்று.
"பிசானத்துல வந்து கேட்டா வேற சொல்லுவேன்,
அப்போ இதே வயல்ல வெள்ளம் நிக்கும்."
படிவத்தில் பருவத்துக்குக் கட்டமில்லை.

களக்காட்டில் சாமிதாஸ் நாற்காலி போட்டு
கலர் வாங்கி வரச் சொன்னார்.
ஆறாயிரம் ஏத்தன்,
ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கம்பு,
சொட்டுநீர், காப்பீட்டு ரசீது,
பேங்க் மேனேஜர் நம்பர்.
ஆனியில் ஒரு ராத்திரிக் காற்றில்
பாதிக்கு மேல் இடுப்பொடிந்து கிடந்ததைப் போனில் காட்டினார்.
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார்.
முற்றாத குலைகள்.
"தகவமைப்பா? பூஜ்யம் போடுங்க மேடம்,
இத வச்சுத்தான நிவாரணம்?"
குரல் உடைந்தது நிஜம்.
பூஜ்யத்துக்கு வழியில்லை, ஒன்று போட்டேன்.

குட்டம் தேரியில் லிங்கதுரை
மரத்திலிருந்தபடியே பதில் சொன்னார்.
பங்குனியில் சொட்ட வேண்டிய பாளை
இந்த வருசம் சித்திரை பாதியில்தான் ஈரம் காட்டியதாம்.
"பனைக்கு ஒண்ணும் ஆவாதும்மா.
ஏறுதவனுக்குத்தான்."
எதை எண்ணுவது, மரத்தையா, ஆளையா?
அண்ணாந்து கேட்டுக் கேட்டு
எனக்குக் கழுத்து வலி.

பொழுது சாய மானூர்.
குளத்தின் உள்வாயில், வெடித்த மண்ணில்,
பெரும்படையானின் கிடை.
நூற்று நாற்பது ஆடு.
போன மார்கழி அடைமழையில்
நாக்கு நீலம் பாரித்துச் செத்த அறுபது போக.
வரிசை தேடினேன்: நெல், வாழை, பனை, பயறு,
தோட்டப்பயிர், பால்மாடு.
'இதர' என்பதைத் தொட்டேன்.

"தகவமைப்புத் திறன்னா என்னம்மா?"
பயிற்சியில் அரை மணி நேரம் விளக்கியிருந்தார்கள்.
அசதி.
"தாங்கிக்கிடுறது" என்றேன்.
அவர் ஒரு குட்டியின் வாயைப் பிளந்து
உள்ளே பார்த்துக்கொண்டே,
"அது கெடக்கு நெறைய.
அஞ்சு போட்டுக்கோ" என்றார்.
வலைக்கு முளையடித்துக்கொண்டிருந்த முப்பிடாதி
நிமிராமல் கேட்டாள்:
"அஞ்சுக்கு மேல கெடையாதா?"

போட்டேன். மிஷின் கழித்தது.
வரைபடத்தில் களக்காடு சிவப்பு,
தேரி மஞ்சள்,
மானூர்க் குளத்துக்குள் ஒரே ஒரு பச்சைப் புள்ளி,
மழைக்கு மறுவாரத்துப் புல் மாதிரி.

கரையேறிய பிறகுதான் உறைத்தது.
வண்டியை நிறுத்தித் திருத்தப் பார்த்தேன்.
எண்கள் பூட்டிக்கொண்டுவிட்டன.
குறிப்புக் கட்டம் மட்டும் திறந்திருந்தது,
நாற்பது எழுத்துக்கு.

கேள்வியைத் தப்பாகச் சொன்னது நான்.

இன்னும் இருபதுக்கு இடமிருந்தது.
யோசித்து நிற்கையில் ஒரு லாரி திரும்பியது,
அதன் வெளிச்சம் போய் விழுந்த இடமெல்லாம்
குளத்துக்குள்
பச்சைப் பச்சையாகக் கண்கள்.

நாளைக்கு ராதாபுரம். முருங்கை.
பெட்ரோல் போடணும்.