கதவுக்கு ஒரு சீட்டு

வாசல் பலகையில்
அகதிகள் என்ற சொல்லை அழித்துவிட்டு
மறுவாழ்வு என்று எழுதினார்கள்.
எழுதியது எங்கள் ஆட்கள்தான்,
பெயிண்ட் வேலைக்கு வேறு யார்?
மீந்த நீலத்தைக் கக்கூஸ் கதவுக்கு அடிக்கலாமே
என்றாள் தவமலர்.
அடிக்கலாம்.
எட்டுக் கக்கூஸுக்கும் சேர்த்து
கதவு ஒன்றுதான் இருந்தது,
அதுவும் கீல் விட்டது.

உள்ளே ஒருத்தி போனால்
வெளியே ஒருத்தி சேலையை விரித்து நிற்கவேண்டும்.
பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு
நான் அப்படி நின்றுதான் படித்தேன்,
ஒரு கையில் அம்மாவின் சேலை
மறு கையில் அறிவியல்.

மாதச் சீட்டுக்குக் கூடுகிறவர்கள்தான் நாங்கள்.
ஏலம் முடிந்த கையோடு
இதையும் கதைப்போம் என்று ஆரம்பித்தது.
நோட்டில் எழுதினேன்: தீர்மானம் ஒன்று.
ஜெசிந்தா அக்கா பதறினாள்,
'தீர்மானம் எண்டு போடாதை பிள்ளை,
கியூ பிராஞ்ச்காரன் பார்த்தால்
என்ன இயக்கம் எண்டு கேப்பான்.'
அடித்துவிட்டு முடிவு என்று எழுதினேன்.
சுகிர்தா நோட்டைப் பிடுங்கி
முடிவை அடித்துவிட்டுத்
தீர்மானம் என்றே எழுதினாள்
முன்னைவிடப் பெரிதாக.

ஐந்து மனு போயிற்று.
ஆர்.ஐ. ஒரு தரம் வந்தார், மூக்கைப் பொத்தினார், போனார்.
ஆறாவது மனுவோடு
ஒரு திங்கட்கிழமை காலையில்
கதவையும் கழற்றி எடுத்துக்கொண்டோம்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை.
பதினாலு பேரும் ஏறிவிட்டோம்.
கதவுதான் படியில் இடித்தது.
'கதவைத் தூக்கிட்டு எங்க போறிய?' என்றார் நடத்துநர்.
பேசாலைக் கரையில்
தையல் மிஷின் தலையை மடியில் கட்டிக்கொண்டு
அம்மா படகேறிய இரவிலும்
யாரோ கேட்டார்களாம்,
'எங்க போறியள்?'

போறிய. போறியள்.
இடையில் கிடக்கும் கடல்
ஒரு ள் அகலம்தான்.
அம்மா அதை ஒரே ராத்திரியில் கடந்தாள்.
முப்பது வருசமாகியும்
நாங்கள் இந்தப் பக்கம் கரையேறியதாக
எந்தத் தாளிலும் இல்லை.

'பொம்பளையளுக்குத்தான் ஃப்ரீ.
கதவுக்கு லக்கேஜ் போடணும்லா?'
போட்டார், இருபது ரூபாய்.
பதிவெண் கேட்காமல் கிடைத்த முதல் சீட்டு.
தவமலர் அதையும்
மனுவோடு குண்டூசியால் குத்தினாள்.

கொக்கிரகுளத்தில்
கலெக்டர் ஆபீஸ் வாசலில்
பைகளைக் கொட்டி மண்ணெண்ணெய் தேடினார்கள்.
பிறகு ஒரு பெண் போலீஸ்
கதவைத் தட்டிப் பார்த்தார்.
'உள்ளே ஆளிருக்கு' என்றாள் சுகிர்தா.
அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது,
தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அறைக்குள் முதல் கேள்வி:
'அரசு சொத்தைக் கழற்ற யார் அனுமதி கொடுத்தா?'
தீர்மானம் என்ற சொல்லுக்கே பயந்த
ஜெசிந்தா அக்கா
மேசைவரை போனாள்.
'சேர், இது அரசின்ரை சொத்து எண்டால்
அரசே ஒருக்கால் இதுக்குப் பின்னால
போய் இருந்து பார்க்கட்டும்.'
பேனா நின்றது.
பிறகு மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதியது.

ஐந்தாம் வாரம் வந்துவிட்டன
எட்டுத் தகரக் கதவுகள்.
எட்டிலும் தாழ்ப்பாள்
வெளிப்பக்கம்.

'தெரியாமல் வச்சிருப்பாங்கள்' என்றாள் தவமலர்.
'பழக்கத்தில வச்சிருப்பாங்கள்' என்றாள் சுகிர்தா.
புருஷனின் திருப்புளியை எடுத்துவந்து
முதல் கதவின் முன் சம்மணமிட்டாள்.
இருட்டுவதற்குள்
எட்டும் உட்பக்கம் மாறின.

அன்றிரவு போய்த் தாழிட்டேன்.
போன காரியம் ஒன்றுமில்லை,
சும்மா நின்றேன்.
வெளியே யாரும் சேலை பிடித்திருக்கவில்லை.
தகரத்தில் என் மூச்சு பட்டுத் திரும்பியது.

தீர்மானம் ஏழு, தண்ணீர் மோட்டார்.
சுருள் எரிந்து கிடக்கிறது,
முப்பது கிலோ தேறும்.
அதற்கு லக்கேஜ் எவ்வளவு என்று
தவமலர் அந்த நடத்துநரிடம்
கேட்டு வைத்திருக்கிறாள்.