நீர்மட்டம்

குளியலறைக்கு டைல் பதிக்க
நாலு நாள் என்றுதான் சொன்னார் சுமித்பால பாஸ்.
இன்றைக்குப் பதினொன்று.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி.
கடல் இரண்டு ஒழுங்கை தள்ளி.
இரும்பு எந்த அலுமாரிக்குள் ஒளிந்தாலும்
உப்பு படியேறி வந்துவிடும்.
அதனால் ஞாயிறுகளில்
தையல் மெஷின் எண்ணெயில் துணி தோய்த்து
என் குறடு, என் ஸ்பேனர்கள், என் வாள், என் நீர்மட்டம்
ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பேன்.
என் என்பதை அழுத்தித்தான் எழுதுகிறேன்.
பஞ்சிகாவத்தைக் கடைகளில் பேரம் பேசி
சம்பளத்துக்கு ஒன்றாகச் சேர்த்தவை.

நேற்று ஆறு மணிக்கு
வங்கியால் வந்து கதவைத் திறக்கிறேன்.
நீர்மட்டம் சீமெந்து பூசிக்கொண்டு
கொமட்டின் மேல் படுத்திருக்கிறது.
ரப்பர் சுத்தியலின் தலையெல்லாம் வெள்ளைக் கிறவுட்.
குசினி ஸ்டூலில் இரண்டு காலடி,
இரண்டும் இடது கால்.
அலுமாரித் திறப்பு, நான் ஒளித்த அரிசி வாளியிலேயே,
ஒழுங்காக, ஈரமாக.

"பொட்டக் கத்தா, மிஸ்."
கொஞ்சம் எடுத்தது.
எடுத்தேனா, எடுத்தானா, எடுத்தார்களா?
அவர் பேச்சில் வினைக்கு முகம் வேண்டியதில்லை.
தமிழில் அப்படித் தப்ப ஏலாது:
எடுத்தேன் என்று சொல்லி முடிக்க முன்னமே
வாலில் ஒரு ஏன் வந்து நிற்கும்.

நல்ல கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டே
கையாள் பொடியனைப் பார்த்தேன்.
ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, பெயர் திலகேஸ்வரன்.
குனிந்து டைல் துடைத்தபடி சொன்னான்:
"கை மாறிப் போச்சுங்க அக்கா."
சரி, எங்களிடமும் கதவு இருக்கிறது.

"மஹத்தயாட சாமானா?" என்றார் பாஸ்,
தனக்குத் தெரிந்த தமிழில்.
என்னுடையது என்றேன்.
பகிடி விட்டதாக நினைத்துச் சிரித்தார்.
மஹத்தயா வந்தால் தானே சொல்லிக்கொள்வாராம்.
வர இந்த வீட்டில் யாரும் இல்லை
என்று சொல்ல வாய் எடுத்து
தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்டேன்.

இன்று முடித்துவிட்டார்கள்.
காசை எண்ணி வாங்கி,
சாக்கும் வாளியும் ஓட்டோவில் ஏற்றி
நுகேகொடையில் அடுத்த வீடு என்று போனார்கள்.

ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
நேராகத் துவாரத்துக்கு நடந்தது.
குறை சொல்ல முடியாத வேலை.
என் நீர்மட்டம் வைத்துப் பார்த்த வேலை.

அந்த நீர்மட்டம்தான் இல்லை.

அலுமாரியில் அது கிடந்த இடத்தில்
நான் அறியாத ஒரு சுத்தியல்.
பிடியில் சைக்கிள் டியூப் சுற்றி
அதன் கீழே நீலப் பெயின்டில், சிங்களத்தில்,
எழுத்துக் கூட்டி வாசித்தேன்:
மல்காந்தி.

பாஸுக்கு மூன்று தரம் கோல் எடுத்தேன்.
மூன்று தரமும் ஒரு குரல்
தொடர்பு கொள்ள முடியாது என்றது, மூன்று மொழியிலும்.

ரத்மலானையிலா, கொலன்னாவையிலா,
எந்தக் குளியலறை முடிந்த பின்னேரத்தில்
அவளும் இப்படி ஓர் அலுமாரிக்கு முன்னால் நின்றாள்?
அவள் இடத்தில் யாருடைய குறட்டை வைத்துவிட்டுப் போனார்கள்?
ஞாயிற்றுக்கிழமை அதற்கும் எண்ணெய் போடுகிறாளா?

நல்ல சுத்தியல். பாரம் தலையில் சரியாக நிற்கிறது.
வெளிச்சுவரில் கண்ணாடிக்கு ஆணி ஒன்று பாக்கி இருந்தது.
நாலு அடி.

பொட்டக் கத்தா, மல்காந்தி.

கண்ணாடி வலப்பக்கம் சரிந்திருப்பது போலத்தான் தெரிகிறது.
இல்லை, என் கழுத்தோ?
வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை.