ஒருமுறை மணி

சைக்கிள்களை நூறு தப்படி தள்ளி நிறுத்தச் சொல்லி
கயிறு கட்டியிருக்கிறார்கள்.
சைக்கிளுக்கும் மணி உண்டல்லவா.
இங்கே மணி அடித்தால் ஒரு ஓட்டு.

காம்பியா ஆற்றின் வடகரை, ஒரு பள்ளிக்கூடம்.
எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்தில் அட்டை,
மடியில் பதினேழு கேள்விகள்.
மறைப்புக்கு அந்தப் பக்கம் மூன்று பீப்பாய்கள்:
பச்சை, மஞ்சள், சாம்பல்.
விரலுக்கு மை, உள்ளங்கைக்கு ஒரு கோலிக்குண்டு.
குழாயில் விட்டால் உள்ளே
டிங்.
அடியில் மரத்தூள்,
விழுந்த இடம் பேசாது.

பார்வையாளர் என்று அட்டையில் இருக்கிறது.
காலையிலிருந்து
கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெள்ளை ஜீப்பில் வந்தாள் லாத்வியாக்காரி இங்குனா.
அரைமணி நேரம் நின்றாள்.
முத்திரை எண்ணை இரண்டுமுறை சரிபார்த்தாள்.
‘இந்தப் படியில் சக்கர நாற்காலி எப்படி ஏறும்?’
எனக்குத் தோன்றவே இல்லை. எழுதிக்கொண்டேன்.
‘நன்று’ என்ற கட்டத்தில் டிக் அடித்து
அடுத்த ஊருக்குப் போனாள், புழுதியோடு.

பதினொன்று நாற்பது.
முழங்கால்வரை வயல்சேறு காய்ந்த ஒருவர்
மறைப்புக்குள் போனார்.
பேனாவைத் தூக்கியபடி இருந்தேன்.
வெளியே ஓர் ஆடு கத்தியது.
அவ்வளவுதான்.
வந்தார். கை மூடியிருந்ததா,
சும்மா தொங்கியதா?
ஒருவர் கைக்குள் எட்டிப்பார்க்க
எந்த அட்டையும் உரிமை தராது.

பன்னிரண்டாம் கேள்வி:
யாருக்காவது மணி இரண்டுமுறை ஒலித்ததா?
ஒலிக்காமலே போனதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
11.40. சத்தமில்லை.

இரவு. சார்ஜ் விளக்கு, பூச்சிகள்,
இருநூறு குழித் தட்டுகளில் குண்டுகள்.
இருநூற்று முப்பத்தொன்று. நூற்று நாற்பத்திரண்டு. முப்பத்தொன்பது.
ஆக நானூற்றுப் பன்னிரண்டு.
மை வைத்த விரல்களோ நானூற்றுப் பதின்மூன்று.

‘பட்டியலில் யாரோ தப்பாகக் கோடு போட்டிருப்பார்கள்’
என்றார் தலைமை அலுவலர் மலாஃபி சவானே.
மூன்று கட்சி முகவர்களும் தலையாட்டினார்கள்,
அன்று முழுக்க அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம்.
ஒரு குண்டால் யாரும் தோற்கப்போவதில்லை.
இரண்டு எண்களையும் அனுப்பினேன்.
சிக்னல் வர
வேப்பமரம்வரை நடக்க வேண்டியிருந்தது.

என் பெயர் இருக்கும் பட்டியல்
ஆற்றுக்கு மேலே, ஏழு மணி நேரப் பயணத்தில்.
இந்த நாற்காலிக்கு வந்தவள்
அங்கே குண்டு வாங்க முடியாது.
அங்கே கணக்கு சரியாக வந்திருக்கும்.
நான் போடாததை
யாரும் ஓரத்தில் எழுதியிருக்க மாட்டார்கள்.

கயிற்றைத் தாண்டி நடந்தேன்.
இருட்டில் யாரோ
சைக்கிள் மணியை அடித்தார்கள்.
கை தானாகப் போய்ப்
பேனாவைத் தேடியது.