நான்கு என்று எழுதியிருந்தது

ஒடுகத்தூரைத் தாண்டி ஏறிய தார்ச்சாலை
ஜல்லியாகி, பிறகு மண்ணாகி,
கல்குவாரியின் வாயில் வந்து நின்றது.
ஒன்பது மணிக்கே பாறை
தோசைக்கல் பதத்தில் இருந்தது.
வேலூர் வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டுமா.

என் பையில் குத்தகைக்காரர் தந்த மதிப்பீடு:
கரும்பட்டைகள் நான்கு,
ஒவ்வொன்றும் நாற்பது அடி கீழே இறங்கும்,
இத்தனை கன மீட்டர், இத்தனை லட்சம்.
அடியில் அவர் கையெழுத்து.
பக்கத்தில் எனக்கென்று ஒரு காலியிடம்.

அளவுநாடா பிடிக்கத் தேசிங்கு வந்தார்.
பதினெட்டு வருஷமாக இங்கே துளை போடுகிறவர்.
கம்ப்ரஸர் சத்தத்தில் காது பாதி போய்விட்டது,
உதடுகளைப் பார்த்தே பதில் சொல்வார்.

குடிநீர் பாட்டிலைப் பாறைமேல் கவிழ்த்தேன்.
தூசு இறங்கியதும் வரிகள் எழுந்து வந்தன.
வெள்ளை, சாம்பல், கருப்பு,
நடுவே கடுகு கடுகாய்ச் சிவந்த மணிக்கற்கள்.
ஒரு வரி போனது, திரும்பியது,
தன்மேலேயே படுத்தது.
படுத்தபடியே இன்னொரு முறை வளைக்கப்பட்டிருந்தது.

இருநூற்றைம்பது கோடி ஆண்டு என்று
வகுப்பில் சொல்லும்போது வாய் சுட்டதில்லை.
இங்கே உள்ளங்கை சுட்டது.

"இதுல எது மொதல்ல மேடம்?"
வளைந்து கிடப்பது மூத்தது,
அதை வளைத்தது பிந்தியது,
எல்லாவற்றையும் அறுத்துப் போகிற இந்த வெள்ளை நரம்பு
அதற்கும் பிந்தியது என்றேன்.
அவர் பாறை விளிம்பில்
அரைக்குழாயாய் நின்ற துளைத்தடத்தில் விரலை ஓட்டினார்.
"அப்போ கடைசி இதுதான்.
போன ஆடியில நான் போட்டது."

வரைபடத்தை விரித்தேன்.
மடித்த தடத்திலேயே மடித்து மடித்து
நெடுக்கும் குறுக்கும் சந்திக்கிற இடத்தில்
தாள் தேய்ந்து பட்டாணி அளவு ஓட்டை.
நாங்கள் நின்றது அந்த ஓட்டைக்குள்.

பதினோரு மணிக்குப் போண்டாப் பொட்டலம் பிரிந்தது.
தின்று முடித்துத்
தினசரித் தாளை முட்டியில் வைத்து நீவினார்.
எண்ணெய்க் கறை நான்கு,
ஒன்றின் எதிரே ஒன்று, கண்ணாடியில் பார்த்தாற்போல்.
போண்டா இருந்தது ஓரிடத்தில்தான்.
உவமை சரியில்லை என்று எனக்குள் ஒரு வாத்தியார் முனகினார்,
கறை ஊறியது, பட்டை மடிந்தது, இரண்டும் வேறு.
தேசிங்கோ தாளைப் பார்த்தார்,
நிமிர்ந்து பாறையைப் பார்த்தார்,
கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

இரண்டாம் பட்டையும் மூன்றாம் பட்டையும்
புதையும் இடத்தில் சரளையை ஒதுக்கினார்.
ஏழடி ஆழம்கூட இல்லை,
இரண்டும் கூடித் திரும்பிக் கிடந்தன,
கொண்டை ஊசி வளைவு.
ஏலகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால்
அதே புளியமரம் கீழே ஒருமுறை,
பக்கத்தில் ஒருமுறை வரும்,
மரம் இரண்டென்று குழந்தைகள் எண்ணும்.

"ஒரே பட்டைதான்" என்றேன்.
அவர் என் உதட்டை இரண்டு முறை படித்தார்.
"அப்போ பதினெட்டு வருஷமா
ஒரே கல்லையா ஒடச்சேன்?
அந்தப் பக்கம் ஒருக்கா, இந்தப் பக்கம் ஒருக்கா?"
சிரிப்பு மாதிரி ஏதோ தொடங்கி
பாதியில் நின்றுவிட்டது.
"ஒண்ணுன்னு எழுதினா குவாரிய மூடிடுவாங்களா?"

அதற்கு என் காம்பஸில் முள் இல்லை.

பேனாவை எடுத்தேன்.
அவர் எண்ணெய்த் தாளைப்
பழைய மடிப்பிலேயே மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
பாட்டில் தண்ணீர் எப்போதோ காய்ந்துவிட்டது.
தூசு திரும்பி வந்து
திருப்பங்களை மூடிக்கொண்டிருந்தது.
சாலையிலிருந்து யார் பார்த்தாலும் இப்போது
நான்குதான் தெரியும்.