குறுக்குப் பாதை

ஏழு வாரமாய் மழையில்லை.
புல்வெட்டும் வண்டியை எடுக்க வேண்டாம் என்று
ரொவீனா சொல்லிவிட்டாள்.
சாவி என் சட்டைப்பையில்
வேலையில்லாமல் கனக்கிறது.

ஹார்க்லோ மாளிகையின் தெற்குப் புல்வெளி
ரொட்டியின் மேல்தோல் நிறத்துக்கு வந்தாயிற்று.
ஏரி கரையை விட்டுப் போய்
நடுவில் ஒரு தட்டாய்க் கிடக்கிறது.
மான்கள் ஓக் நிழலை விட்டு நகர்வதில்லை.
அவை இந்தப் பக்கம் வராதிருக்க
ஒரு சுவர் இருக்கிறது, பள்ளத்துக்குள்.
மாளிகை சன்னலில் நின்றால் தெரியாது.
வேலியே இல்லாத வெளி வேண்டும் என்றவர்கள்
வேலியைத்தான் முதலில் புதைத்தார்கள்.

புதன்கிழமை
கூரையின் ஈயத் தகட்டைச் செப்பனிட ஏறிய டன்ஸ்டன்
அங்கிருந்தே கத்தினான்:
"யாரோ புல்லில் கிறுக்கி வைத்திருக்கிறான்!"

ஏறிப் பார்த்தோம்.
வட்டம். வட்டத்துக்குள் நட்சத்திரம்.
இரண்டு பக்கமும் சுருள் சுருளாய்ப் பாத்திகள்,
நடுவே எட்டு மூலைத் தொட்டி.
தண்ணீர் இல்லாததால் தெரிகிற நீரூற்று.
தோட்டம் இயற்கையாய் இருக்கட்டும் என்று
இந்த வீட்டுக்காரர் ஒருவர்
இருநூற்று அறுபது வருஷத்துக்கு முன்
ஆள் வைத்து மூடிய பழைய பூங்கா.
சரளை கிடந்த இடமெல்லாம் வெளிறி,
பூ நின்ற இடம் மட்டும்
இன்னும் கொஞ்சம் பச்சை.

ரொவீனா நூலகத்திலிருந்து
பழைய வரைபடத்தின் நகலைக் கொண்டுவந்து
கூரை மேலேயே விரித்தாள்.
காற்று தூக்காமல் நாலு மூலைக்கும் என் பூட்ஸ், அவள் பூட்ஸ்.
ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தாள்.
எல்லாம் இருந்தது.
ஒன்று கூடுதலாய் இருந்தது.

சமையல்கட்டின் கதவிலிருந்து ஒரு கோடு
கண்ணாடி பிடித்தாற்போன்ற அந்த ஒழுங்கின் நடுவே
கோணலாய்ப் புறப்பட்டு
நட்சத்திரத்தின் ஒரு முனையை மிதித்துக்கொண்டு
நேரே கிணற்றுக்குப் போகிறது.

எசமானர்கள் லண்டனில் இருந்த குளிர்காலங்களில்
வழுக்காமலிருக்க
அடுப்புக் கரியைக் கொட்டிக் கொட்டி நடந்திருப்பார்கள்
என்றாள் ரொவீனா.
"யார்?" என்றேன்.
கணக்குப் புத்தகத்தில் தலைமைத் தோட்டக்காரருக்குப் பெயர் உண்டு,
அவர் குதிரைக்கும் உண்டு.
'பெண்கள், ஆறு' என்று ஒரு வரி. கூலி.
அதற்குமேல் அவளுக்கும் தெரியாது.

சனிக்கிழமை புல்வெளியில் கல்யாணம்.
பச்சைச் சாயம் அடித்துவிடலாமா என்று
அலுவலகம் கேட்டு எழுதியது.
ரொவீனா பதில் போடவில்லை.
மணப்பெண் வட்டத்துக்குள் நின்றாள்,
அது வட்டம் என்று தெரியாமல்.

அன்றிரவே மழை.
பத்து நாளில் எல்லாம் மூடிக்கொண்டது.
டன்ஸ்டன் கூரையை முடித்துவிட்டு
வேறு ஊருக்குப் போய்விட்டான்.

நான் மறுபடி வெட்டுகிறேன்,
கிழக்கிலிருந்து மேற்கு, மேற்கிலிருந்து கிழக்கு,
ஒரு பட்டை அடர்த்தி, ஒரு பட்டை வெளிர்.
மூன்றாவது எலுமிச்சை மரத்துக்கு நேரே வந்ததும்
வண்டியின் வேகத்தைக் குறைக்கிறேன்.
இரண்டு கையிலும் வாளியோடு
யாராவது குறுக்கே வந்தால்?